கம்பனி மோட்டார் வண்டியும் வருமான வரியும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வரலாறு என்றவுடன் முடி புனைந்த மன்னரையும் குருதி தோய்ந்த போர்க்களங்களையும் நினைப்பது நம்முள் பலர்க்கு இயல்பாகிவிட்டது. ஆயின், ஒரு நாட்டு மக்கள் தம் பொதுச் சுமையைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக் கொண்டனர் என்பதை ஆராய்வதும் வரலாறேயாம். இறை, உல்கு, திறை, சுங்கம் எனப் பல பெயரால் நம் முன்னோர் வழங்கிய அரசிறையின் கதை, ஆள்வோரின் திறமையையும் ஆளப்படுவோரின் சாதுரியத்தையும் ஒருங்கே காட்டும் கண்ணாடியாகும். அக்கதையில் ஒரு சிறு கிளையையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வேலை கொள்வோர் தம் உத்தியோகத்தர்க்கு அளிக்கும் மோட்டார் வண்டியைப் பிரித்தானிய வருமான வரிச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்தது என்பதே நம் பொருள்.

இது மிகச் சிறிய பொருளன்றோ எனச் சிலர் வினவக்கூடும். இதனுள் அடங்கிய வினா சிறியதன்று. ஒரே கந்தோரில் ஒத்த தகுதியுடைய இருவர் பணிபுரிகின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர்க்கு ஆண்டுச் சம்பளம் 3,000 பவுண். மற்றவர்க்கு 2,500 பவுணும், கம்பனியின் செலவில் ஓடும் ஒரு மோட்டார் வண்டியும் கொடுக்கப்படுகின்றன. முன்னவர் தம் சம்பளத்துக்கு வரி செலுத்திய பின் எஞ்சிய பணத்தில் வண்டி வாங்க வேண்டும். பின்னவரோ வரி செலுத்தாத செல்வத்திலேயே வண்டியேறிச் செல்கின்றார். இருவர் உழைப்பும் ஒன்றாயிருக்கச் சுமை மட்டும் வேறாதல் நீதியாகுமா? பணமாக வராத செல்வத்தைச் சட்டம் காணுமா, கண்டால் எந்தக் கோலால் அளக்கும்? இவ்வினாக்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானியர் கூறிய விடைகளே இக்கட்டுரையின் சாரம்.

வருமான வரியின் பிறப்பு

நெப்போலியன் காலப் போர்களின் செலவைத் தாங்கும் பொருட்டு வில்லியம் பிற் 1799 ஆம் ஆண்டில் வருமான வரியைப் புகுத்தினார். 1803 இல் அடிங்ரன் அதனைத் திருத்தி, வருமானத்தை அது தோன்றும் இடத்துக்கேற்ப ஐந்து அட்டவணைகளாக வகுத்தார். அவற்றுள் இறுதியான அட்டவணை உத்தியோகத்தால் வரும் ஊதியத்தைப் பற்றியது. போர் முடிந்ததும் 1816 இல் இவ்வரி நீக்கப்பட்டது. பின்னர் 1842 இல் றொபேட் பீல் அதனை மீண்டும் விதித்தார். சில ஆண்டுகளுக்கென வந்த வரி இன்றளவும் நீங்கவில்லை.

உத்தியோக ஊதியம் பற்றிய அட்டவணை சம்பளத்தை மட்டுமன்றிக் கூலி, கட்டணம், மேல்வரும்படி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியிருந்தது. மேல்வரும்படி என்ற சொல்லே பின்வந்த வழக்குகள் பலவற்றுக்கு வித்தாயிற்று. பணமாகக் கையிற் கொடுப்பது மேல்வரும்படி என்பதில் ஐயமில்லை. குடியிருக்க வீடு கொடுத்தால் அதுவும் மேல்வரும்படியோ என்ற வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது.

வங்கி வீட்டு வழக்கு

ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையிலுள்ள மொன்றோஸ் என்னும் ஊரில் ஒரு வங்கிக் கிளையின் முகவர், வங்கிக் கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே குடியிருந்தார். அவ்வாறு குடியிருத்தல் அவர் விருப்பத்தைப் பொறுத்ததன்று. வங்கியின் காவல் கருதி அவர்மீது சுமத்தப்பட்ட கடமையாகும். அவ்வீட்டை வேறொருவர்க்கு வாடகைக்கு விடவும் அவர்க்கு உரிமை இல்லை. அக்காலத்தில் ஆண்டு வருமானம் 400 பவுணுக்குக் குறைந்தவர்க்கு ஒரு வரிச்சலுகை இருந்தது. வீட்டின் பெறுமதியைச் சேர்த்தால் அவர் வருமானம் அவ்வெல்லையைக் கடக்கும், சேர்க்காவிடின் கடவாது. ஆதலின், வீடு வருமானமோ அன்றோ என்பது தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

1892 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை இவ்வழக்கை முகவர்க்குச் சார்பாகத் தீர்த்தது. மக்னோற்றன் பிரபு கூறிய நியாயம் இன்றும் சட்ட மாணவர் நாவில் வழங்குவது. ஒருவரின் சட்டைப்பைக்குள் செல்வதற்கே வரி உண்டு. சட்டைப்பையிலிருந்து வெளியேறாமல் மிச்சப்படுத்துவதற்கு வரி இல்லை என்பது அதன் கருத்து. பணமாகவோ, பணமாக மாற்றக்கூடிய பொருளாகவோ இருப்பதே வருமானம். விற்கவும் இயலாத, வாடகைக்கு விடவும் இயலாத வீடு வருமானம் ஆகாது.

தன்னளவில் இத்தீர்ப்பு இரக்கமும் தெளிவும் உடையதே. தான் வேண்டாத வீட்டில் கடமைக்காகக் குடியிருந்தவரை அது காத்தது. ஆயின், நீதிபதிகள் திறந்துவைத்த அக்கதவின் வழியாகப் பின்னர் எத்தனை வண்டிகள் ஓடப்போகின்றன என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். மோட்டார் வண்டி அப்போதுதான் ஐரோப்பாவில் தோன்றத் தொடங்கியிருந்தது.

நம் இலங்கையிலும் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் புகுந்தது. வாடகையின்றி வேலை கொள்வோர் அளிக்கும் வாசத்தலத்தின் பெறுமதியை உத்தியோக வருமானத்தோடு சேர்க்க அச்சட்டம் இடமளித்தது. மொன்றோஸ் வீட்டு வினாவுக்குச் சட்டவாக்கத்தின் மூலமாகவே விடை கூறும் வழி அது.

1948 ஆம் ஆண்டுச் சட்டம்

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியாவில் வரி வீதம் மிக உயர்ந்திருந்தது. வீதம் உயருந்தோறும் வரிக்குட்படாத நன்மையின் பெறுமதியும் உயரும். பணமாக நூறு பவுண் கொடுத்தால் அதில் பெரும்பகுதி அரசைச் சேரும். பொருளாகக் கொடுத்தால் முழுவதும் பெறுபவரைச் சேரும். எனவே கம்பனிகளின் பணிப்பாளரும் உயர் உத்தியோகத்தரும் சம்பள உயர்வினும் வண்டி, விருந்து, வீடு முதலியவற்றையே விரும்பினர்.

இதனைக் கண்ட ஸ்ராபோட் கிறிப்ஸ், தாம் நிதி மந்திரியாயிருந்த 1948 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் ஒரு பெருமாற்றம் செய்தார். பணிப்பாளர் அனைவர்க்கும், ஆண்டுக்கு 2,000 பவுணும் அதற்கு மேலும் பெறும் உத்தியோகத்தர்க்கும் கிடைக்கும் நன்மைகள், பணமாக மாற்றத்தக்கனவாயினும் அல்லவாயினும், வரிக்குரியனவாயின. அதற்குக் குறைந்த ஊதியமுடையோர்க்குப் பழைய தீர்ப்பே தொடர்ந்து வழிகாட்டிற்று. இவ்வாறு ஒரே நாட்டில் இருவகை அளவுகோல்கள் வழக்கிற்கு வந்தன.

கீழ்ப்பிரிவினர்க்கு வழங்கிய அளவுகோலின் விசித்திரத்தை 1961 ஆம் ஆண்டில் வெளியான ஒரு தீர்ப்பு நன்கு விளக்கும். ஒரு கம்பனி தன் ஊழியர்க்கு நத்தார்ப் பரிசாக ஆடை வாங்கிக் கொடுத்தது. ஓர் ஊழியர் பெற்ற உடையின் விலை 14 பவுண் 15 சிலிங். வாங்கிய உடனேயே அதனை விற்றால் பழந்துணியாக 5 பவுணே கிடைக்கும். ஆதலின் 5 பவுணுக்கே வரி என நீதிமன்றம் கூறிற்று. பொருள் கைமாறிய கணத்திலேயே அதன் பெறுமதியில் மூன்றிலொரு பங்கே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

மோட்டார் வண்டியைப் பற்றிய பெரிய வழக்கு 1969 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் தீர்க்கப்பட்டது. ஓர் அச்சுத் தொழிற் கம்பனியில் வேலை செய்த ஊழியர், கம்பனியின் வண்டித் திட்டத்தில் சேர்ந்தார். அதற்கீடாக அவருடைய வாரக் கூலியில் ஒரு தொகை குறைக்கப்பட்டது. அவர் மேற்கூறிய 2,000 பவுண் எல்லைக்குக் கீழ்ப்பட்டவர். வண்டியை அவர் விற்க இயலாதென்பது உண்மையே. ஆயினும், அறிவித்தல் கொடுத்துத் திட்டத்திலிருந்து விலகினால் குறைந்த கூலி மீண்டும் கைக்கு வரும். எனவே குறைக்கப்பட்ட தொகை வரிக்குரியதே எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர். விற்க இயலாததையும் விட்டுக்கொடுத்துப் பணமாக்கலாம் என்னும் இந்நுண்மை, 1892 இல் திறந்த கதவை ஓரளவு சாத்திற்று.

வண்டிகள் பெருகிய காலம்

எழுபதுகளில் விலைவாசி கட்டுக்கடங்காது ஏறியது. அதனைத் தடுக்க அரசு சம்பள உயர்வுக்கு எல்லை விதித்தது. 1975 ஆம் ஆண்டில் வாரத்துக்கு 6 பவுணுக்கு மேல் உயர்வு கூடாது என்றும், ஆண்டுக்கு 8,500 பவுணுக்கு மேற் பெறுவோர்க்கு உயர்வே கூடாது என்றும் விதி எழுந்தது. உழைப்பால் வரும் வருமானத்தின் உச்ச வரி வீதமோ 1974 முதல் 1979 வரை நூற்றுக்கு 83 ஆயிருந்தது. சம்பளத்தை உயர்த்தவும் இயலாது, உயர்த்தினும் பயனில்லை. திறமையுடையோரைத் தக்கவைக்க விரும்பிய கம்பனிகள் வேறென் செய்யும்? வண்டியைக் கொடுத்தன. பிற நாடுகளில் விற்பனை முகவர்க்கும் பொறியியலாளர்க்கும் கருவியாயிருந்த வண்டி, பிரித்தானியாவில் பதவியின் அடையாளமாயிற்று. எந்தப் படியிலுள்ளவர்க்கு எந்த வண்டி என்பது கந்தோர்தோறும் எழுதப்பட்ட விதியாயிற்று.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வண்டியின் செலவைத் தொழிலுக்கும் சொந்தத் தேவைக்குமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்தைப் பற்றியும் உத்தியோகத்தரும் வரி அதிகாரியும் வாதிடுதல் இருவர்க்கும் தொல்லையாயிற்று. டெனிஸ் ஹீலி நிதி மந்திரியாயிருந்த 1976 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இவ்வாதத்தை அறுத்தது. எஞ்சினின் கொள்ளளவு, வண்டியின் வயது, விலை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வகை வண்டிக்கும் நிலையான ஒரு தொகை குறிக்கப்பட்டது. அத்தொகை வருமானமாகக் கருதப்படும். உண்மையில் வண்டி எவ்வளவு பயன்பட்டது என்ற வினா பெரும்பாலும் எழாது.

எளிமை கிடைத்தது, நீதி முழுவதும் கிடைக்கவில்லை. குறித்த தொகைகள் வண்டியின் உண்மைப் பெறுமதியினும் மிகக் குறைந்தனவாயிருந்தன. மேலும், அளவுகோல் எஞ்சினைப் பற்றியதாதலின், வண்டி செய்வோர் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே எஞ்சினை அமைக்கலாயினர். 1,800 கன சென்ரிமீற்றர் எல்லையாயின் அதற்குச் சில அலகு குறைந்த எஞ்சினே சந்தைக்கு வரும். இவ்வாறு வரி அட்டவணை பொறியியலாளரின் வரைபலகையையும் சென்றடைந்தது.

உயர் ஊதிய எல்லையின் கதையும் நோக்கத்தக்கது. 2,000 பவுணாயிருந்த அது படிப்படியாக உயர்ந்து 1979 இல் 8,500 பவுணாயிற்று. அதன்பின் அது அசையவேயில்லை. பணத்தின் மதிப்பு குறையக் குறைய, உயர்ந்தோர்க்கென வகுத்த விதி சாதாரண எழுதுவினைஞரையும் பற்றிக் கொண்டது. 1989 இல் உயர் ஊதியம் என்ற பெயரையே சட்டம் கைவிட்டது. 2016 ஏப்ரலில் அவ்வெல்லையும் நீக்கப்பட்டது.

நைஜல் லோசன் 1988 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உச்ச வரி வீதத்தை நூற்றுக்கு 60 இலிருந்து 40 ஆகக் குறைத்தார். அதே வேளையில் வண்டிகளுக்கான நிலைத்தொகைகளை இரட்டித்தார். இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாம். வீதம் தாழ்ந்தால் மறைந்து பெறும் நன்மைக்கான ஆசையும் தாழும். அப்போது மறைவிடத்தை அடைப்பதும் எளிதாகும்.

மைற்கணக்கின் மாயம்

1993 இல் நோமன் லமொன்ற் அறிவித்த சீர்திருத்தம் 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் அளவைக் கைவிட்டு, வண்டியின் பட்டியல் விலையில் நூற்றுக்கு 35 பங்கை ஆண்டு வருமானமாகக் கொள்ளுவதே அதன் சாரம். தொழிலுக்காக ஆண்டில் 2,500 மைலேனும் ஓடியவர்க்கு அதில் மூன்றிலொரு பங்கு தள்ளுபடி. 18,000 மைலேனும் ஓடியவர்க்கு மூன்றில் இரு பங்கு தள்ளுபடி.

தொழிலுக்காகப் பெரிதும் ஓடுபவர் வண்டியைச் சொந்த இன்பத்துக்காகப் பெறவில்லை என்பது இத்தள்ளுபடியின் நியாயம். நியாயம் நன்றே. விளைவு யாது? 15,000 பவுண் விலையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 35 என்பது 5,250 பவுண். மூன்றிலொரு பங்கு தள்ளினால் 3,500 பவுண். மூன்றில் இரு பங்கு தள்ளினால் 1,750 பவுண். நூற்றுக்கு 25 வீதத்தில் வரி செலுத்துபவர்க்கு முன்னதால் 875 பவுணும் பின்னதால் 437 பவுண் 50 பென்சும் வரியாகும். அஃதாவது, 17,900 மைல் ஓடியவர் இன்னும் 100 மைல் ஓடினால் 437 பவுண் 50 பென்சு மிச்சம். வரியாண்டு ஏப்ரல் 5 ஆந் தேதி முடிவடைவதால், மார்ச்சு மாதத்தில் கடிதத்தாலோ தொலைபேசியாலோ முடியக்கூடிய அலுவலுக்கும் வண்டியேறிச் செல்லும் ஆசை பிறந்தது. ஊர்திப் பெருக்கத்தால் தெருக்கள் நெரிந்த நாட்டில், மேலும் ஓடுக என வரிச்சட்டமே தூண்டிற்று.

இப்பிழை பிரித்தானியர்க்கு மட்டும் உரியதன்று. போல் கீற்றிங் பொருளாளராயிருந்த காலத்தில், 1986 ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியா இந்நன்மைகளுக்கான வரியைப் பெறுபவர்மீது விதியாது கொடுப்பவர்மீதே விதித்தது. கொள்கையளவில் அது துணிவான மாற்றம். ஆயின் வண்டியின் பெறுமதியை அளக்க அங்கும் ஓடிய தூரமே கோலாயிற்று. ஆண்டில் 15,000 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடிய வண்டிக்கு விலையில் நூற்றுக்கு 26. 40,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியதற்கு 7 மட்டுமே. 2011 இல் அந்நாடு இவ்வேறுபாட்டை நீக்கி, தூரம் எதுவாயினும் நூற்றுக்கு 20 என விதித்தது. கண்டங்கள் வேறாயினும் மனித இயல்பு ஒன்றே என்பது இதனாற் பெறப்படும்.

புகையை அளந்த கோல்

கோடன் பிறவுண் நிதி மந்திரியாயிருந்தபோது மைற்கணக்குத் தள்ளுபடிகள் முதலிற் குறைக்கப்பட்டு, 2002 ஏப்ரலில் முற்றாக நீக்கப்பட்டன. பட்டியல் விலையில் எத்தனை பங்கு வருமானம் என்பதை வண்டி வெளியிடும் கரியமில வாயுவே முடிவு செய்தது. கிலோமீற்றருக்கு 165 கிராம் வரை வெளியிடும் வண்டிக்கு நூற்றுக்கு 15. அதற்குமேல் ஒவ்வொரு 5 கிராமுக்கும் ஒன்றாக ஏறி 35 இல் நிற்கும். டீசல் வண்டிக்கு, அந்த உச்சத்தைக் கடவாமல், மேலும் 3 சேரும். புதிய வண்டிகளின் சராசரிப் புகை குறைந்ததென்றும், தொழிற் பயணம் ஆண்டுக்கு 30 கோடி மைலுக்கு மேற் குறைந்ததென்றும் இறைவரித் திணைக்களம் பின்னர் மதிப்பிட்டது. வீண் பயணத்துக்கான தூண்டுதல் நீங்கியதும் பயணமும் நீங்கியது.

எனினும் இக்கோலும் தான் அளந்ததையே வளைத்தது. டீசல் எஞ்சின் கரியமில வாயுவைக் குறைவாக வெளியிடுவதால், மேலதிக வரி இருந்தும் சில ஆண்டுகளுள் கம்பனி வண்டிகளுள் டீசலே மிகுந்தது. டீசற் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுக்களும் நுண்துகள்களும் நகர மக்களின் மூச்சுக்குக் கேடானவை. அவற்றை இவ்வரி அளக்கவில்லை. மேலும், வரிக்கு அடிப்படையானது ஆய்வுகூடத்தில் அளந்த எண்ணேயன்றித் தெருவில் வெளிவந்த புகையன்று. டீசல் எஞ்சின்கள் சோதனையின்போது ஒருவாறும் தெருவில் வேறொருவாறும் நடக்குமாறு அமைக்கப்பட்டிருந்தமை 2015 செப்ரெம்பரில் வொக்ஸ்வாகன் கம்பனியின் வழியாக வெளிப்பட்டபோது, ஆய்வுகூட எண்களின்மீது இருந்த நம்பிக்கை உலகெங்கும் தளர்ந்தது. பிரித்தானியா 2018 இல் டீசலுக்கான மேலதிகத்தை 4 ஆக உயர்த்தியது. தெருச் சோதனையில் தேறிய வண்டிகளுக்கு மட்டும் விலக்களித்தது.

அடுத்து வந்தது மின்சார வண்டி. 2019–20 வரியாண்டில் அதற்கு நூற்றுக்கு 16 ஆயிருந்த பங்கு, 2020–21 இல் சுழியாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 1, பின் மூன்றாண்டுகள் 2, 2025 ஏப்ரல் முதல் 3. மிகுதியாகப் புகை கக்கும் வண்டிக்கோ 37. 40,000 பவுண் விலையுள்ள இரு வண்டிகளை ஒப்பிடுவோம். நூற்றுக்கு 37 எனின் 14,800 பவுண் வருமானம். 2 எனின் 800 பவுண். நூற்றுக்கு 40 வீதத்தில் வரி முறையே 5,920 பவுணும் 320 பவுணுமாம். இத்துணை வேறுபாடு இருக்க, கம்பனி வண்டி பெறுவோர் மின்சாரத்தை நாடியதில் வியப்பில்லை.

1969 இல் தீர்க்கப்பட்ட வழக்கு இங்கே மீண்டும் உயிர்பெறுகின்றது. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து நன்மை பெறும் திட்டங்களுக்கு 2017 இல் புதிய விதி வந்தது. நன்மையின் பெறுமதி, விட்டுக்கொடுத்த சம்பளம் ஆகிய இரண்டனுள் பெரியதற்கே வரி என்பது அவ்விதி. ஆயின் கிலோமீற்றருக்கு 75 கிராமுக்கு மேற்படாத புகையுடைய வண்டிக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எனவே, அச்சுத் தொழிற் கம்பனி ஊழியர்க்கு மறுக்கப்பட்ட சலுகை, அரை நூற்றாண்டின் பின் மின்சார வண்டி கொள்வோர்க்கு அரசாலேயே அளிக்கப்படுகின்றது. அன்று ஒழிக்க முயன்றதையே இன்று வேறு நோக்கத்துக்காக அரசு வளர்க்கின்றது.

முடிவுரை

சட்டைப்பை, ஊதிய எல்லை, எஞ்சின், மைல், விலை, புகை என அளவுகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்தமையை மேலே கண்டோம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் குறையை நீக்கவே பிறந்தது. ஒவ்வொன்றும் தனக்குரிய புதிய குறையை உடன் கொணர்ந்தது. காரணம் தெளிவு. கல்லையோ மரத்தையோ கோலால் அளந்தால் அவை கோலுக்கேற்பத் தம் வடிவை மாற்றா. மனிதரை அளந்தால் அவர் கோலை அறிந்து அதற்கேற்ப நடப்பர். வரி விதிப்போர் எப்பொருளை அளக்கின்றாரோ அப்பொருள் அளக்கப்பட்ட மறுநாளே முன்போல் இராது.

இதனால் வரி விதித்தலே வீண் என்பது நம் கருத்தன்று. மைற்கணக்கை நீக்கியதும் வீண் பயணம் குறைந்தமை, பிழையைத் திருத்தினால் பயன் உண்டென்பதற்குச் சான்று. ஆனால் தொடக்கத்திற் கூறிய இரு உத்தியோகத்தரை நாம் மறத்தல் ஆகாது. நல்ல நோக்கத்துக்காக ஒருவர்க்கு அளிக்கும் சலுகையின் சுமை மற்றவர் தோளில் ஏறுகின்றது. கம்பனி வண்டி கிட்டாத ஆசிரியரும் தாதியரும் தொழிலாளரும் தம் சம்பளத்தின் ஒவ்வொரு பவுணுக்கும் வரி செலுத்தியே பேருந்துக்குக் கட்டணம் கொடுக்கின்றனர். சலுகை எக்காலம் வரை, யார் பொருட்டு என்ற கேள்வி கேட்கப்படாத நாட்டில், அச்சலுகை உரிமையாக மாறிவிடும்.

நாளை அரசாங்கக் கந்தோர்களிலும் வணிக நிலையங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வாராக. சட்டத்தின் எழுத்தைக் கற்பது போதாது; அவ்வெழுத்து மக்கள் நடையை எவ்வாறு மாற்றும் என்பதை முன்னரே எண்ணிப் பார்ப்பதே ஆட்சியறிவாகும்.